அயுத்தயாவில் செருப்புக்குக் காவல்

"இடிஞ்ச செவுத்தப் பாக்கறதுக்கா ஞாயித்துக்கெழம தூக்கத்தக் கெடுத்தீங்க? எங்க ஒரகடத்துல சூளையாண்ட வந்தீங்கன்னா இதவிட ஜாஸ்தி செங்கல்லு காட்றேன்" என்றார் ஏழுமலை.

"இது ராஜாவோட அரண்மனை, ஏழுமலை."

"ராஜா எங்க?"

"போய்ச் சேர்ந்துட்டார்."

"அரண்மனை?"

"பர்மாக்காரங்க கொளுத்திட்டாங்க."

"அப்ப இன்னாத்தம்மா பாக்க வந்தோம்?"

வந்தவர்களுக்கெல்லாம் ஊர் சுற்றிக் காட்டும் உத்தியோகம் உங்களுக்கும் வாய்த்திருந்தால், நீங்கள் என் கட்சி. சம்பளம் கிடையாது, லீவு கிடையாது, கேட்டுக்கொள்ளக் குறை மட்டும் உண்டு.

எனக்கு அது 1991இல் வாய்த்தது. ஸ்ரீபெரும்புதூரில் என் கணவர் வேலை பார்த்த கம்பெனி, தாய்லாந்தில் இருந்த தன் கூட்டாளித் தொழிற்சாலைக்கு அவரையும் ஏழுமலை முதலான சில தொழிலாளிகளையும் பயிற்சிக்கு அனுப்பியது. தொழிற்சாலை இருந்த இடம் அயுத்தயாவுக்குப் பக்கம். ஒரு காலத்தில் அந்த நாட்டின் தலைநகர், இப்போது பாழ். எல்லோருக்கும் ரசம் வைக்க நானும் போனேன். பயிற்சியை முடித்துத் திரும்புகிறவனுக்கு வேலை நிரந்தரம். பாதியில் ஓடினால் கிடையாது.

ஓடிவிடுவான் என்று எல்லோரும் பயந்தது வேலுவைப் பற்றி. வல்லக்கோட்டைக்காரன், கல்யாணமாகி ஒரு வருஷம், மனைவிக்குத் தலைப்பிரசவம். "ஞாயித்துக்கிழமை அவனைச் சும்மா உக்கார விடாதே. உக்காந்தா மூட்டை கட்டிடுவான்" என்றார் என் கணவர். என் நியமன உத்தரவு அவ்வளவுதான்.

செருப்பு

முதல் கோயிலின் வாசலிலேயே எல்லோரும் செருப்பைக் கழற்றினார்கள். இங்கே கூரை இல்லை, பூசை இல்லை, வெள்ளைக்காரர்கள் பூட்ஸோடு உலாத்துகிறார்கள், செங்கல் தோசைக்கல்லாய்க் காய்கிறது என்று சொல்லிப் பார்த்தேன். யார் கேட்டார்கள்? ஏழுமலை பாங்காக்கில் புதுச் செருப்பு வாங்கியிருந்தார். அதை விட்டுவிட்டுப் போக அவருக்கு மனசில்லை. ஆகவே கான்வென்ட்டில் படித்து, ஷேக்ஸ்பியரை மனப்பாடம் செய்த நான், ஒரு மரத்தடியில் செருப்புக் குவியலுக்குக் காவல் உட்கார்ந்தேன். அதைப் பார்த்துவிட்டு ஒரு வெள்ளைக்காரரும் பூட்ஸைக் கழற்றி என்னிடம் வைத்துவிட்டு, கும்பிடு போட்டுவிட்டுப் போனார்.

உள்ளே போனவர்கள் நொண்டிக்கொண்டு திரும்பினார்கள். சொன்னால் கேட்டால்தானே, இடிந்துபோன கோயிலுக்கு என்ன இவ்வளவு மரியாதை என்று வேலுவிடம் எரிந்து விழுந்தேன். அவன் பாதத்தை ஊதிக்கொண்டே சொன்னான்: "கோயிலு இடிஞ்சிட்ச்சின்னா, சாமி வூட்ட காலி பண்ணிக்கினு பூட்ச்சின்னு அர்த்தமாம்மா?"

படுத்திருந்தவர்

வெட்டவெளியில், வானத்தைக் கூரையாக வைத்துக்கொண்டு, பிரம்மாண்டமான புத்தர் ஒருவர் படுத்திருக்கிறார். பார்த்ததும் ஏழுமலை கன்னத்தில் போட்டுக்கொண்டு "பெருமாளே" என்றார். பெருமாள் இல்லை, புத்தர் என்றேன். காதில் வாங்காமல் தலைமாட்டிலிருந்து கால்மாட்டுவரை நடந்தார், பின்பக்கமும் போய்ப் பார்த்தார், முகம் வாடித் திரும்பி வந்தார். "எல்லாம் சரிம்மா. பாம்பு இல்லாம எப்டிப் படுத்துகினாரு?"

கொண்டை வலை

மனைவி முழுகாமல் இருக்கும்போது புருஷன் தலையில் கத்தி படக்கூடாது என்பது வேலு வீட்டு வழக்கம். வரும்போதே காதை மூடியிருந்த முடி, இப்போது தோளைத் தொட்டது. தாடி வேறு. தொழிற்சாலை மேற்பார்வையாளர், தாய்லாந்துக்காரர், பொறுமைசாலி. அவரே ஒருநாள் இரண்டு விரலைக் கத்தரிக்கோல் மாதிரி ஆட்டிக் காட்டிவிட்டார். முடி தொப்பிக்குள் அடங்கவில்லை என்றால் மெஷின் பக்கம் வரக்கூடாது.

"வெட்ட மாட்டேன் சார். ஊருக்கு அனுப்பிடுங்க" என்று என் கணவரிடம் வந்து நின்றான். இதற்காகவா வேலையை விடுவான் ஒருவன் என்று எனக்கு வாய்வரை வந்துவிட்டது. அவன் முகத்தைப் பார்த்து விழுங்கினேன். உள்ளே போய் என் கொண்டை வலையையும் ஒரு கை ஹேர்பின்னையும் எடுத்து வந்து, அவனை முக்காலியில் உட்காரவைத்து, முடியைச் சுருட்டி வலைக்குள் அடக்கித் தொப்பியைக் கவிழ்த்தேன். மறுநாள் மேற்பார்வையாளர் முன்னும் பின்னும் சுற்றிப் பார்த்துவிட்டுத் தலையாட்டினாராம். வேலுவுக்குத்தான் புதுக்கவலை. "எம் பொண்டாட்டி பாத்தா, இது எவளோட வலைன்னு கேப்பா. நீங்கதாம்மா வந்து சாட்சி சொல்லணும்."

வேருக்குள் ஒரு தலை

அயுத்தயாவில் தலையில்லாத புத்தர்கள் வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள். பிள்ளை பிறக்கிற நேரத்தில் மூளியான சிலை கண்ணில் படக்கூடாது என்று வேலு அந்த வரிசையைக் கண்ணை மூடிக்கொண்டு, ஏழுமலையின் சட்டையைப் பிடித்துக்கொண்டு கடந்தான். பிறகு வந்தது அந்த மரம். ஒரு புத்தரின் தலை மட்டும் அதன் வேர்ப்பின்னலுக்குள் சிக்கி, அமைதியாகப் பார்த்துக்கொண்டிருக்கிறது. அதன் பக்கத்தில் நின்று போட்டோ எடுக்கக்கூடாது. நம் தலை அந்தத் தலையைவிடத் தாழ்ந்திருக்க வேண்டும். காவலாளி சைகை காட்ட, எல்லோரும் மண்ணில் உட்கார்ந்தார்கள்.

போட்டோ முடிந்தும் வேலு எழுந்திருக்கவில்லை. "வெள்ளிக்கெழம கெளம்பறேம்மா. வேல போனா போவுது."

"போய் என்ன பண்ணப் போறே? ஆஸ்பத்திரி வாசல்ல நின்னு பீடி குடிப்பே. உள்ள விடுவாங்களா உன்னை? புள்ளை பொறந்தப்புறம் எதை வச்சுக் காப்பாத்துவே?"

கடுமையாகத்தான் சொன்னேன். எனக்கு மெதுவாகச் சொல்ல வராது. அவன் வேருக்குள் இருந்த தலையைக் கைகாட்டினான். "இவுரும் என்ன மாதிரிதாம்மா. ஒடம்பு ஒரு எடத்துல, தல ஒரு எடத்துல."

மொட்டை

அந்த வெள்ளிக்கிழமை அவன் கிளம்பவில்லை. அதற்கடுத்த சனிக்கிழமை தொழிற்சாலைக்கு போன் வந்தது: பெண் குழந்தை, தாயும் சேயும் நலம். ஞாயிறு காலையில் வேலு காவி வேட்டி கட்டிக்கொண்டு வந்து நின்றான். நல்லபடியாகப் பிறந்தால் மொட்டை என்று முருகனுக்கு வேண்டுதலாம். ஊர் திரும்பும்வரை முருகன் காத்திருப்பார் என்றேன். தன்னால் முடியாது என்றான்.

சந்தைப் பக்கத்தில் ஒரு முடிதிருத்தகம். கடைக்காரர் காவி வேட்டியைப் பார்த்தார், பயபக்தியோடு வேலையை ஆரம்பித்தார். தலை முடிந்தது, தாடி முடிந்தது. நான் வாசலில் ஏழுமலையோடு வாதாடிவிட்டுத் திரும்பிப் பார்க்கிறேன், ஒரு புருவத்தைக் காணோம். அந்த ஊரில் துறவியாகப் போகிறவர்களுக்குப் புருவத்தையும் மழிப்பார்கள். ஒற்றைப் புருவத்தோடு திரிவதைவிட மேல் என்று மற்றதையும் நானே எடுக்கச் சொல்லிவிட்டேன்.

வெளியே வந்ததும் ஒரு வயதான அம்மாள் வாழையிலைப் பொட்டலம் ஒன்றை அவன் கையில் வைத்து, தெருவிலேயே மண்டிபோட்டுக் கும்பிட்டார். பெரியவங்க தன் முன்னால் மண்டி போடுவதா என்று பதறிய வேலு, தானும் மண்டிபோட்டுக் கும்பிட்டான். அந்தம்மாள் இன்னும் குனிய, இவனும் இன்னும் குனிந்தான். யார் முதலில் எழுந்திருப்பது என்று தெரியாமல் இருவரும் நெற்றி தரையில் பட இருந்தார்கள். நிமிர்ந்தபோது அவன் கண்ணெல்லாம் தண்ணீர். அந்தம்மாள் ஆசீர்வாதம் கிடைத்த திருப்தியோடு போய்விட்டார். ஏழுமலை அவனைத் தூக்கி நிறுத்தினார். "டேய், பொண்ணு பொறந்ததுக்கு மறுநாளே சாமியாரா பூட்டியேடா."

வல்லக்கோட்டை

பயிற்சி முடிந்தது, வேலுவுக்கு வேலை நிரந்தரமானது, புருவமும் முளைத்தது. மகளுக்கு வல்லக்கோட்டை முருகன் கோயிலில் காதுகுத்து. என்னைக் கூப்பிட அவன் மனைவியே வந்தாள், கொண்டை வலையைத் துவைத்து மடித்துக் கையில் கொடுத்தாள். ஸ்ரீபெரும்புதூரில் அத்தனை வருஷம் இருந்தும் நான் பார்க்காத கோயில் அது. "அம்மா கீறாங்க, இங்கியே போட்டுட்டு வாங்கடா" என்று ஏழுமலை குரல் கொடுக்க, சொந்தபந்தம் முழுவதும் என் காலடியில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே ஓடியது.

ஊரான் ஊரையெல்லாம் சுற்றிக் காட்டிய நான், "யாராவது வந்து எனக்கு இந்தக் கோயிலைக் காட்டுங்களேன்" என்று அந்த முதுகுகளைப் பார்த்துக் கேட்டுவிட்டுச் செருப்புகளோடு உட்கார்ந்திருந்தேன்.