பாலத்தடியில் போன வெற்றிலை

மகளின் கலியாணத்துக்குச் சொந்தக்காரருக்குச் சொல்ல நானும் என் மச்சாளும் சைக்கிளில் நான்கு நாள் சுற்றினோம். மச்சாள் என்றால் என் புருஷனின் தங்கச்சி. கடற்கரைப் பக்கத்து எங்கள் ஊரிலிருந்து டவுன், டவுனிலிருந்து வாவியைத் தாண்டி உன்னிச்சை, அங்கிருந்து உள்பாதையால் கிரான், பிறகு வீடு. பஸ் ஓடவில்லை. ஆண்கள் போனால் காவலில் மறித்து வைத்துக்கொள்ளும் காலம். அதனால் கலியாணம் சொல்லுவதும் எங்கள் வேலையாகிவிட்டது. ஆனால் அந்த மாதம் சண்டை கொஞ்சம் ஓய்ந்திருந்தது. வெடிச்சத்தம் கேளாத காலையில் சைக்கிள் மிதிப்பது அப்படி ஒரு சுகம்.

நான் நாலு பேருக்கு முன்னால் வாய் திறவாதவள். ஐந்தாம் வகுப்பில் வாத்தியார் என் பேரைக் கேட்டாலே சிலேட்டுக்குப் பின்னால் ஒளிந்துகொள்வேன். மச்சாளோ வேலிக் கதியாலோடும் கதைப்பாள். புறப்படும்போதே சொல்லிவிட்டாள்.

"நீங்க வெத்திலையக் குடுங்க மச்சாள். பேச்ச நான் பாத்துக்கிறன்."

எனக்கும் அதுதான் வேண்டும். ஆனால் இரண்டாம் நாள் உன்னிச்சைக்குப் போவதை நினைத்தால்தான் பயம். அங்கேதான் மாமி இருந்தார், என் அப்பாவின் அக்கா. என் பக்கத்தில் மிஞ்சியிருந்த ஒரே பெரியவர். மகள் பெரியவளானபோது செய்த சாமத்தியச் சடங்குக்கு, ஊர் இருந்த நிலையில், அவருக்கு ஆள் விட்டுத்தான் சொன்னோம். அவர் வரவில்லை. எங்களிடையே வெற்றிலை கையில் கொடுத்துச் சொன்னால்தான் சொன்னது. "வெத்திலை வராத வீட்டுக்கு நான் வரமாட்டன்" என்று போன ஆளிடமே சொல்லி அனுப்பினார். இந்த முறையும் அவர் வராவிட்டால், பந்தலில் என் பக்கத்து ஆள் என்று சொல்ல ஒருவரும் இல்லை.

அதனால் முதல் நாள் பின்னேரம் டவுன் சந்தையில் தேடித் தேடி நல்ல வெற்றிலையாக வாங்கினேன். நாற்பது இலை, ஒன்றில்கூடப் புள்ளியில்லை. இரவு தங்கின வீட்டில் ஈரத்துணியில் சுற்றி, அதன்மேல் வாழை இலை சுற்றி வைத்தேன். பாக்கைத் தனியாகச் சின்னப் பையில் போட்டுக்கொண்டேன்.

விடிந்ததும் பாலத்தடிக்குப் போய்விட்டோம். சைக்கிளைப் பிடித்துக்கொண்டு ஆமிச் சோதனை வரிசையில் நின்றோம். வாவியில் வெயில் விழுந்து கண் கூசியது. பையில் இருக்கிறதையெல்லாம் கையில் எடுத்துக் காட்டவேண்டும். பற்றரி இருக்கிறதா, மண்ணெண்ணெய் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். மச்சாளை அடுத்த மேசைக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். எனக்கு முன்னால் மீசை நரைத்த ஓர் ஆமிக்காரன் நின்றான். வாழை இலைப் பொட்டலத்தைக் காட்டிச் சிங்களத்தில் என்னவோ கேட்டான். நான் அதை அவிழ்த்தேன். இலை சிந்திவிடும் என்று இரண்டு கையாலும் பிடித்து, பயத்தில் தலையும் குனிந்து நீட்டினேன்.

அவன் துவக்கைத் தோளில் மாட்டினான். இரண்டு கையாலும் வெற்றிலையை வாங்கினான். "அம்மே" என்று என்னைவிடக் கீழாகக் குனிந்தான். பின்னால் நின்றவர்களிடம் காட்டி, ஏதோ பெருமையாகச் சொன்னான். என் மற்றப் பைகளை அவன் பார்க்கவேயில்லை. போகலாம் என்று கையைக் காட்டினான்.

"அது மாமிக்கு" என்று சொல்லவேண்டும். பாஷை தெரியாது என்பது ஒரு சாட்டு. தெரிந்திருந்தாலும் நான் சொல்லியிருக்கமாட்டேன். சைக்கிளை உருட்டிக்கொண்டு பாலத்தின் மறுகரைக்குப் போய்விட்டேன்.

மச்சாள் வந்து கேட்டாள். "வெத்திலை எங்க?"

சொன்னேன். சைக்கிளைப் போட்டுவிட்டு ரோட்டோரம் குந்தி இருந்து சிரித்தாள்.

"ஐயோ மச்சாள்! அவங்கட ஆக்கள் பெரியவங்களுக்கு மரியாதைக்கு அப்பிடித்தான் குடுக்கிற. ரெண்டு கையாலயும், குனிஞ்சு! நீங்க அவனக் கும்பிட்டிட்டு வந்திருக்கிறிங்க."

"போய்க் கேட்டு வாங்கு புள்ள."

"குடுத்த மரியாதையத் திருப்பித் தா எண்டு கேக்கவா? வரிசையப் பாருங்க. இனிப் போனா மத்தியானம்தான்."

வழியில் கடையில் வாங்கலாம் என்று புறப்பட்டோம். முதல் கடையில் பாக்கு இருந்தது, சுண்ணாம்பு இருந்தது, வெற்றிலை இல்லை. இரண்டாவது கடைக்காரர், தானே இரண்டு நாளாகச் சும்மா வாயைத்தான் மெல்லுவதாகச் சொன்னார். அதற்குப் பிறகு கடையே இல்லை. இரண்டு பக்கமும் வட்டைதான். வயல் வெளி வானம் வரைக்கும் பச்சையாகப் போய்க்கொண்டேயிருந்தது. கொக்குகள் எருமையின் முதுகில் ஏறிச் சவாரி போயின.

எனக்குக் கவலைதான். ஆனால் அந்தக் காற்றில் கவலைகூட நெடுநேரம் தங்கவில்லை. மருத மரத்துக்குக் கீழே சைக்கிளைச் சாத்திவிட்டு வாய்க்காலில் கால் நனைத்தோம். கால் நனைக்க இறங்கியவள் கழுத்தளவு தண்ணீரில் இருந்தேன். அவித்த மரவள்ளிக் கிழங்கைச் சம்பலோடு தின்றோம். சீலை காயும்வரை மச்சாள் சாய்ந்து கிடந்து, மாமி என்ன சொல்லுவார் என்று மாமியைப் போலவே குரலை மாற்றிக் கதைத்துக் காட்டினாள். குளத்துக் கட்டு இறக்கத்தில் பிரேக் பிடிக்காமல் இருவரும் போட்டிக்கு விட்டோம். நான்தான் முந்தினேன். நாற்பது வயதுக்கு மேல் கண்ட வெற்றி அது ஒன்றுதான்.

மாமியின் படலையைத் திறக்கும்போது வெயில் சரிந்திருந்தது. மாமி முற்றத்தில் நெல் துழாவிக்கொண்டு நின்றார். "வாங்க" என்றார். பார்வை என் கைக்குத்தான் போனது. கை வெறுமை.

மச்சாள் தொடங்கினாள். "மாமி, வாற வழியில ஒரு—"

"நீ பொறு. இவ ஆர்ர புள்ள? என்ட தம்பிட புள்ள. இவளுக்கு வாய் இல்லையா?"

நானே சொன்னேன். "வெத்திலை வாங்கித்தான் வந்தன் மாமி. பாலத்தடியில ஆமிக்காரனுக்குக் குடுத்திட்டன்."

"என்னது?"

"ரெண்டு கையாலயும் குடுத்திட்டன்."

மாமி நெல்லின் நடுவிலேயே நின்றார். "அப்ப எனக்குச் சொல்ல முதல் ஆமிக்குக் கலியாணம் சொல்லிட்டாய்!"

மச்சாளுக்குச் சிரிப்பு வெடித்தது. மாமி சிரிக்கவில்லை. உள்ளே போனார். முடிந்தது என்று நினைத்தேன். திரும்பி வந்தபோது கையில் பித்தளை வட்டா இருந்தது. அதில் ஓரம் கறுத்த வெற்றிலை இரண்டு. அவருக்கென்று மிச்சம் வைத்திருந்தது. அதை என் கையில் திணித்தார்.

"இந்தா. இப்ப இத எனக்குத் தா. அவனுக்குக் குடுத்த மாதிரியே குடுக்கணும். வாயத் திறந்தும் சொல்லணும்."

இரண்டு கையாலும் நீட்டினேன். "மாமி, மகளுக்குக் கலியாணம். நீங்க வந்து நிண்டு நடத்தித் தரணும்." அடுத்த வளவுக்காரர் வேலிக்கு வந்து எட்டிப் பார்க்கும் அளவுக்குச் சத்தமாக வந்துவிட்டது.

"வாறன்" என்றார் மாமி. ஒரு இலையை அப்போதே காம்பு கிள்ளி மடித்து வாயில் போட்டுக்கொண்டார். "பாக்கு?"

"என்ட பையில இரிக்கி மாமி."

"அப்ப அவனுக்குப் பாக்குக் குடுக்கல்லையா?"

"இல்ல மாமி."

"அரைகுறையாச் சொல்லக்கூடா புள்ள. போகக்குள்ள அவனுக்கும் ஒரு பிடி குடுத்திட்டுப் போ."

நாங்கள் கிரான் பக்கத்தால் திரும்பியதால் அந்தப் பாலத்தை மறுபடி தாண்டவில்லை. கலியாணத்துக்கு மூன்று நாள் முன்னரே மாமி மாட்டுவண்டியில் வந்து இறங்கினார். வண்டியை விட்டு இறங்கியதும் முதல் கேள்வி, "அவனுக்குப் பாக்குக் குடுத்தியா?"

"ஓம் மாமி" என்றேன்.

அவனுக்கென்று எடுத்து வைத்த பாக்கைத்தான் அன்று பின்னேரம் மாமிக்குச் சீவிக் கொடுத்தேன்.