நாலேகால் பஸ்ஸுக்குப் பிறகு

கல்லூரிப் பேருந்துகள் ஐந்தும் நாலேகாலுக்குக் கிளம்பும். அவை ஒன்றன்பின் ஒன்றாக வாசலைத் தாண்டி நெடுஞ்சாலையில் திரும்பும் நேரத்தில், ஃபிர்தௌஸ் முதல் மாடியில் வேதியியல் ஆய்வகத்தில் வெள்ளை மேலங்கிக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருப்பாள். ஜன்னல் ஓரம் நின்றால் யார் பக்கத்தில் யார் உட்கார்ந்து போகிறார்கள் என்றுகூடத் தெரியும். முதல் மாதம் நின்று பார்த்தாள். பிறகு விட்டுவிட்டாள்.

கும்மிடிப்பூண்டிக்கு வெளியே, தொழிற்சாலைப் புகைபோக்கிகள் கண்ணுக்கு எட்டும் தூரத்தில் இருந்தது அந்தக் கல்லூரி. அங்கே 'படிப்போடு பணி' என்று ஒரு திட்டம். நூலகத்திலோ அலுவலகத்திலோ ஆய்வகத்திலோ வாரத்துக்குப் பத்து மணி நேரம் வேலை செய்தால் பாதிக் கட்டணம் போதும். ஆனால் ஒவ்வொரு பருவ முடிவிலும் துறைத் தலைவர் பதிவேட்டில் 'தொடரலாம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். போன ஆண்டு நூலகத்தில் இருந்த அன்புசெல்வனுக்கு அந்தச் சொல் விழவில்லை. அவன் இப்போது சிப்காட்டில் ஒரு கம்பெனியில் பெட்டி அடுக்குகிறான். சில காலை நேரங்களில் கல்லூரிப் பேருந்து அவனுடைய கம்பெனி வேனை முந்திக்கொண்டு போகும்.

ஃபிர்தௌஸின் அத்தா சஹாபுதீன் பழவேற்காட்டில் சொந்தமாக ஜவுளிக்கடை வைத்திருந்தவர். இப்போது பொன்னேரியில் இன்னொருவர் கடையில் துணி விரித்துக் காட்டி மடித்து வைக்கிறார். "முழு ஃபீஸுன்னா நம்மளால ஆவாதும்மா" என்று அவர் ஒரே ஒருமுறை சொன்னார். திரும்பச் சொல்ல வைக்கக் கூடாது என்று அவள் நினைத்துக்கொண்டாள். 'தொடரலாம்' என்ற ஒற்றைச் சொல்லை நம்பித்தான் அவள் படிப்பு இருந்தது.

வேலை கடினமில்லை. பகலில் மாணவர்கள் அழுக்காக்கிவிட்டுப் போன சோதனைக் குழாய்களைக் கழுவ வேண்டும். சோப்புத்தூளும் பிரஷும் போட்டு ஒருமுறை, குழாய்த் தண்ணீரில் ஒருமுறை, கடைசியாகக் காய்ச்சி வடித்த தண்ணீரில் ஒருமுறை. அந்தப் பக்கத்து ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் உப்பு. கடைசி அலசலை விட்டால் அந்த உப்பு சோதனைக் குழாயிலேயே தங்கிவிடும். அடுத்த நாள் சோதனையில், இல்லாத குளோரைடு இருப்பதாகக் காட்டும். உதவியாளர் சாம்சன் அவளுக்கு இதை முதல் நாளே ஒருமுறை செய்து காட்டிவிட்டுக் கீழே சரக்கறைக்குப் போய்விட்டார். ஆறு மணிக்கு வந்து பூட்டுவார். இடையில் அவளும் இருநூறு கண்ணாடிக் குழாய்களும்தான். பிறகு ரயிலில் பொன்னேரி, அங்கிருந்து பழவேற்காடு பஸ். வீட்டுக்குப் போனால் உம்மா சோற்றை மூடி வைத்துவிட்டுத் தொழுகையில் இருப்பாள்.

வகுப்பில் அவளுக்கு விரோதி யாரும் இல்லை. நட்பெல்லாம் பேருந்தில்தான் வளர்ந்தது. யார் பாடினார்கள், யார் அழுதார்கள், டிரைவர் எங்கே வண்டியை நிறுத்தித் திட்டினார் என்பதெல்லாம் அடுத்த நாள் பாதிப் பேச்சாக அவள் காதில் விழும். சிரிப்பின் முன்பாதி அவளிடம் இருக்காது. அவள் பெயர் தெரியாதவர்கள் 'ஸ்கீம் பொண்ணு' என்றார்கள்.

மூன்றாம் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, நாலரை மணிக்கு, நர்மதா வந்து ஆய்வகக் கதவில் சாய்ந்து நின்றாள். சோழவரத்துப் பக்கம் நெல் விவசாயம் செய்யும் வீட்டுப் பெண், இதே வகுப்பு.

"பஸ்ஸுக்குப் போவலியா?"

"போவல. ஈஸ்வரன் கோயில் தேரு மாதிரி அந்த மாலா ஜன்னல் சீட்ட நவுரவே மாட்டேன்றா. கேட்டதுக்கு மூஞ்சிய திருப்பிக்கினா. மொத்த பஸ்ஸும் அவ பக்கம். நான் டவுன் பஸ்ல போய்க்கிறேன்." உள்ளே வந்து முக்காலியை இழுத்துப் போட்டாள். "நீ இங்க இன்னா பண்ற, தெனமும்?"

வெளியாட்களுக்கு அனுமதியில்லை என்று கதவிலேயே எழுதியிருந்தது. ஃபிர்தௌஸ் அதைச் சொல்ல வாயெடுத்தாள். சொன்னால் நர்மதா எழுந்து போய்விடுவாள் என்று தோன்றியதும் வேறு எதையோ சொன்னாள்.

புதனும் வந்தாள், வியாழனும் வந்தாள். வெள்ளிக்கிழமை, சும்மா உட்கார்ந்திருப்பது பேஜாராக இருக்கிறது என்று துப்பட்டாவை இடுப்பில் கட்டிக்கொண்டு தொட்டிக்குப் பக்கத்தில் நின்றாள். மறுநாள் மாதிரிச் செய்முறைத் தேர்வு. எல்லாக் குழாய்களும் தயாராக வேண்டும். ஃபிர்தௌஸ் பிரஷ் போட்டுத் தர, நர்மதா அலசிக் கவிழ்த்தாள். கவிழ்த்துக்கொண்டே தன் மாமன் அரசப்பன் பள்ளிப்பட்டுக்குப் பெண் பார்க்கப் போன கதையைச் சொன்னாள்.

"பொண்ணு ஊட்ல எல்லாம் தெலுங்கு. இவருக்கு ஒரு எழுத்து தெரியாது. கௌரவமா தலைய தலைய ஆட்டிக்கினே இருந்துக்கிறாரு. ஊட்டுக்கு வந்து பார்த்தா, கல்யாணத்துக்கு ரெண்டு பந்தி சாப்பாடு, மேளம், வேன் எல்லாம் நம்ம செலவுன்னு ஒத்துக்கினு வந்துக்கிறாரு."

"அப்பறம்?"

"அப்பறம் இன்னா, அந்த அத்தைதான் இப்ப அவர தெலுங்குலயே திட்டுது. அதுக்கும் தலைய ஆட்டுறாரு."

ஃபிர்தௌஸ் சிரித்த சிரிப்பில் கையிலிருந்த குழாய் தொட்டியில் விழுந்தது. உடையவில்லை. அந்த அறையில் தன் சிரிப்புச் சத்தம் எப்படியிருக்கும் என்று அவளுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. வேலை முக்கால் மணி நேரம் முன்னதாகவே முடிந்துவிட்டது. ஏன் அவ்வளவு சீக்கிரம் முடிந்தது என்று அவள் யோசிக்கவில்லை.

சனிக்கிழமை தேர்வில் ஆளுக்கொரு பொட்டலம் உப்பு. அதில் என்ன இருக்கிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். ஃபிர்தௌஸுக்கு வந்தது சல்பேட் என்பது பாதியிலேயே தெரிந்துவிட்டது. வழக்கப்படி குளோரைடு சோதனையையும் செய்தாள். சில்வர் நைட்ரேட் சொட்டு விழுந்ததும் குழாய்க்குள் வெள்ளையாகக் கலங்கியது. இருக்கக் கூடாதது. சுற்றிலும் பார்த்தாள். எல்லார் கையிலும் வெள்ளை. தாங்கியிலிருந்து வெறும் குழாய் ஒன்றை எடுத்து, வடித்த தண்ணீரை மட்டும் விட்டு, அதே சொட்டைப் போட்டாள். அதுவும் கலங்கியது.

கடைசி அலசலைப் பற்றி நர்மதாவிடம் அவள் சொல்லவே இல்லை. மூன்று மாதமாக எல்லாவற்றையும் தானே செய்துவந்ததால், அது சொல்ல வேண்டிய ஒன்று என்பதே அவளுக்குத் தோன்றவில்லை. இரண்டு மேசை தள்ளி நர்மதா நிம்மதியாகக் 'குளோரைடு' என்று எழுதிக்கொண்டிருந்தாள்.

பேசாமல் இருந்தால் வகுப்பு முழுக்கத் தப்பாக எழுதும். பேசினால் பதிவேடு. பருவம் முடிய இரண்டு வாரம்தான் இருந்தது. ஃபிர்தௌஸ் கையைத் தூக்கினாள்.

"மேடம், டெஸ்ட் டியூப்லயே உப்புத் தண்ணி இருக்கு. எல்லாருக்கும் குளோரைடு வரும்."

துறைத் தலைவர் ஈஸ்வரி வந்து அந்த வெறும் குழாயைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். "யார் கழுவினது?"

"நான்தான் மேடம்."

வாசலில் நின்றிருந்த சாம்சன் குறுக்கிட்டார். "நேத்து ரெண்டு பேரு சிரிக்கிற சத்தம் கேட்டுச்சுன்னு கேன்டீன்ல சொன்னாங்கோ மேடம். கல்யாண ஊடா இது, பாத்திரம் கழுவ ஆள் சேத்துக்கினு வர்றதுக்கு?"

"உன்கூட யார் இருந்தாங்க?"

நர்மதா தன் குழாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் காது சிவந்திருந்தது. தேர்வுக்கு முந்தின நாள் ஆய்வகத்தில் இருந்தாள் என்று தெரிந்தால் அவள் மேல் வேறு சந்தேகமும் வரும்.

"நான் மட்டும்தான் மேடம்" என்றாள் ஃபிர்தௌஸ். மூன்று மாதமாக அது உண்மையாகத்தான் இருந்தது.

தேர்வு திங்கட்கிழமைக்குத் தள்ளிப்போனது. சோழவரம் பேருந்துக்காரர்கள் படியிறங்கும்போது ஒருத்தி உரக்கவே சொன்னாள்: "அடுத்த வாட்டி ஊட்லேர்ந்தே டியூப் கழுவி எடுத்தாந்துடலாம்டி." சிரிப்பு மாடிப்படி முழுக்க இறங்கிப் போனது. இந்தமுறை அந்தச் சிரிப்பின் முன்பாதியும் ஃபிர்தௌஸிடம் இருந்தது.

மதியம் ஈஸ்வரி அவளை அறைக்குக் கூப்பிட்டார். பதிவேடு மேசைமேல் விரிந்திருந்தது. "நீயே சொன்னதால எழுதறேன். சும்மா இருந்திருந்தா எழுதியிருக்க மாட்டேன்." 'தொடரலாம்' என்று எழுதினார், கையெழுத்துப் போட்டார். பதிவேட்டை மூடாமல் கையை அதன்மேல் வைத்துக்கொண்டார். "யாரோ வந்து போறாங்கன்னு கேள்விப்பட்டேன். யாருன்னு கேக்கல. இனிமே உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டுக்கிட்டு வேலை செய். சாம்சன் தட்டினா மட்டும் திற. இன்னொரு வாட்டி இப்படி ஆச்சுன்னா இதை அடிச்சிடுவேன்."

"சரி மேடம்."

திங்கட்கிழமை நாலு பத்துக்குக் கதவு தட்டப்பட்டது. சாம்சன் மூன்று முறை தட்டுவார். இது விரல் நகத்தால் தட்டுவது.

"ஃபிர்தூ, நான்தான். தொற."

"தொறக்கக் கூடாதுன்னு சொல்லிக்கிறாங்கடி."

"நான் மேடம்கிட்ட போய் சொல்லிடவா? நான்தான் அலசுனேன்னு?"

"அப்ப நான் சொன்னது பொய்ன்னு ஆயிடும். எழுதிக் குடுத்தத அடிச்சிடுவாங்க. சொல்லாத."

"எனக்கு ஒரு மாதிரி இருக்குடி."

ஃபிர்தௌஸ் கதவுக்கு அருகில் வந்தாள். கீழே பேருந்து ஒன்று ஒலிப்பானை அடித்தது.

"மாலா பேசிட்டாளா?"

"பேசிட்டா. இன்னிக்கு ஜன்னல் சீட்ட எனக்குன்னு புடிச்சி வெச்சிக்கிறாளாம்." சொன்ன பிறகு, சொல்லியிருக்கக் கூடாதோ என்பதுபோல் நர்மதா நிறுத்திக்கொண்டாள். "நாளைக்கு வரேன். வெளிய இருந்தே பேசலாம்."

"வராத. கிளாஸ்ல பேசிக்கலாம். ஓடு, பஸ் போயிடும்."

கதவின் அடியில் தெரிந்த செருப்பு நிழல் நகர்ந்தது. படிகளில் இரண்டிரண்டாக இறங்கும் சத்தம். பிறகு எஞ்சின்களின் இரைச்சல். பிறகு அதுவும் இல்லை. ஃபிர்தௌஸ் குழாய்களை எண்ணி எடுத்துத் தொட்டியில் போட்டாள். வகுப்பில் பேச நேரம் கிடைக்காது என்பது இருவருக்கும் தெரியும். நர்மதா முன்வரிசை; இவள் கடைசி.

ஆறு மணிக்குச் சாம்சன் மூன்று முறை தட்டினார். அவள் தாழ்ப்பாளை நீக்கினாள். அவர் அறையை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டுச் சாவியை எடுத்தார்.

"யாரும் வரலியேம்மா?"

"யாரும் வரலண்ணா" என்றாள்.