போட்டோ கழுவும் உப்பு

என் தாய்மாமன் எதற்கும் உதவாதவர் என்பதில் எங்கள் வீட்டில் இரண்டு கருத்து கிடையாது. பெருந்துறைப் பக்கம் ஊரே மரவள்ளிக் கிழங்கு போட்டுக்கொண்டிருந்த தொண்ணூறுகளில், பங்குக்கு வந்த நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு, பஸ் நிற்கும் இடத்தில் போட்டோ ஸ்டுடியோ வைத்தவர் அவர். அவர் எடுக்கும் கல்யாணப் படங்களில் மணமக்களைவிட வாழைமரம்தான் தெளிவாக இருக்கும். அப்பா அந்தக் கடைப் படியை மிதித்ததே இல்லை.

எங்கள் கிழங்குக் காட்டுக்குப் பின்னால் ஒரு மில் இருந்தது. ஊர்க் கிழங்கெல்லாம் அங்கே போய் ஜவ்வரிசியாகும். கழுவிய தண்ணீர் எங்கள் கிணற்றை ஒட்டிய வாய்க்காலில் வெள்ளை வெளேரென்று ஓடும். அரிசி களைந்த தண்ணீரை ஒரு சொட்டு வீணாக்காமல் மாட்டுக்கு வைக்கிற அம்மாவுக்கு அதைப் பார்க்கும்போதெல்லாம் வயிறு எரியும். மழை பொய்த்த ஒரு கோடையில் பொறுக்கமுடியாமல் ஒரு வாளி மொண்டுவந்து, புண்ணாக்கைக் கரைத்து மாட்டுக்கு வைத்தாள். அது அவள் பிறந்த வீட்டிலிருந்து வந்த மாடு, நிறைசினை வேறு. எங்களைவிட அதன்மேல் அவளுக்குப் பாசம் அதிகம். எனக்கு அதில் பொறாமையும் உண்டு.

சற்று நேரத்தில் மாடு மூச்சிரைத்து, வாயில் நுரை தள்ளிக் கீழே விழுந்தது. நல்லவேளை, பக்கத்துத் தோட்டத்துக்கு மாட்டு டாக்டர் வந்திருந்தார். ஓடிவந்தவர் வாளியைப் பார்த்ததுமே தலையில் கைவைத்துக்கொண்டார்.

"கெழங்குத் தோல்ல வெசம் இருக்குதுங்க. அதைக் கழுவுன தண்ணியப் போயி வெச்சிருக்கீங்களே" என்றார்.

அதற்கான ஊசி அவர் பையில் இல்லை. டவுனுக்குப் போய்வருவதற்குள் மாடு தாங்காது. பிறகு அவர், ஊரில் போட்டோ ஸ்டுடியோ இருக்கிறதா என்று கேட்டார். சாகப்போகிற மாட்டைப் படம் எடுக்கச் சொல்கிறார் என்று அப்பாவுக்கு முகம் சிவந்துவிட்டது. போட்டோ கழுவுகிற ஹைப்போ உப்புதான் இந்த விஷத்துக்கும் மருந்து என்று டாக்டர் விளக்கிய பிறகு, அப்பா மொபெட்டை எடுத்த வேகத்தில் செருப்பு ஒன்று வாசலிலேயே நின்றுவிட்டது.

திரும்பும்போது பின்னால் மாமா, இருந்த உப்பையெல்லாம் மடியில் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். டாக்டர் அளவு பார்த்துக் கரைத்து, மூங்கில் குழாயால் புகட்டினார். அம்மா மாட்டின் தலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் எனக்குத் தெரிந்த சாமிகளையெல்லாம் கூப்பிட்டேன். வெயில் தாழும் நேரத்தில் மாடு காதை ஆட்டியது. பிறகு பின்னங்கால்களை ஊன்றித் தள்ளாடி எழுந்து, டாக்டர் காலிலேயே மூத்திரம் பெய்தது. அம்மா அழுதுகொண்டே சிரித்தாள். எங்கள் எல்லோருக்கும் அப்போதுதான் மூச்சு வந்தது.

"மாப்ளே, சாப்பிட்டுப்போட்டுத்தான் போகோணும்" என்றார் அப்பா. மாமாவை அவர் அப்படி அழைத்து நான் கேட்டது அன்றைக்குத்தான்.

மாமா பெருமையாக இலைமுன் உட்கார்ந்து ஒரு வாய் தண்ணீர் குடித்தார். சொம்பைத் தள்ளிவைத்துவிட்டு, கிணற்றுத் தண்ணீர் ஏன் புளித்த வாடை அடிக்கிறது என்று கேட்டார். அப்பா அவருக்கு மோர் ஊற்றச் சொன்னார்.

அன்று இரவு, மில்காரரிடம் சண்டைக்குப் போகவில்லையா என்று அப்பாவைக் கேட்டேன்.

"யாருகூட அம்மணி சண்டைக்குப் போறது? நம்ம காட்டுக் கெழங்கு கழுவுன தண்ணிதான அது" என்றார் வருத்தமாக, கிணற்றுப் பக்கம் பார்த்துக்கொண்டே.

அதில் அவ்வளவு வருத்தப்பட என்ன இருக்கிறது என்று எனக்கு விளங்கவில்லை. நம்முடைய தண்ணீர் என்பதால்தான் நம் மாட்டைக் கொல்லாமல் விட்டிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு நிம்மதியாகத் தூங்கிப்போனேன்.