மூன்று மணி வெந்நீர்

வங்கிக் கவுண்ட்டரில் கூட்டம் நெரிந்துகொண்டிருந்தபோது மேலாளர் அறைத் தொலைபேசிக்கு என்னைக் கூப்பிட்டார்கள். மறுமுனையில் என் மனைவி. "மாடி வீட்டு ஸ்டெல்லா அக்கா போயிட்டாங்க" என்றாள். இரவு டியூட்டி முடிந்து பஸ்ஸை விட்டு இறங்கியவர், நிறுத்தத்தில் இருந்த பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். அப்புறம் எழுந்திருக்கவில்லை. தில்லியில் நம் ஜனக்புரி பிளாக்கில் யாருக்கு ஊசி போட வேண்டுமென்றாலும் கூப்பிட்ட குரலுக்கு வந்த நர்ஸ் அவர். அவருக்கு ஒன்று என்றபோது அருகில் நின்றது பெயர் தெரியாத ஒரு வேர்க்கடலைக்காரர்தான்.

அக்காவைத் தெரிந்தவர்களுக்கு அவர் கணவர் ஜெபராஜ் அத்தானையும் தெரியும். இருவரும் பாளையங்கோட்டைக்காரர்கள். ஸ்டெனோவாக இருந்த அத்தானின் விரல்களை மூட்டுவாதம் முடக்கிப்போட்டது. தினமும் வெந்நீர் ஊற்றினால்தான் கை நீளும். ஒரு நாள் தவறினாலும் கரண்டி பிடிக்க முடியாது. பொழுது சாய்ந்து குளித்தாலோ, குளிர் ஏறி மொத்த உடம்பும் இறுகிவிடும். அக்காவுக்குக் காலை எட்டு முதல் இரவு எட்டு வரை ஆஸ்பத்திரி. ஆகவே விடியுமுன் எழுந்து பம்ப் ஸ்டவ்வில் வெந்நீர் போட்டு, அவரைக் குளிப்பாட்டிவிட்டுத்தான் கிளம்புவார். குளிர்கால விடியலில் நம் பிளாக்கில் வரும் மின்சாரத்துக்கு பல்பே மினுக் மினுக்கென்று எரியும். தண்ணீரில் மின்சார ராடு போட்டு என்ன பிரயோஜனம்? ஒருநாள் அண்டா கவிழ்ந்து காலில் கொட்டியது. கட்டோடு நொண்டிக்கொண்டே டியூட்டிக்குப் போனார்.

ஊருக்கு உபதேசம் சொல்வதில் எனக்கு ஈடு கிடையாது. அந்த வருடம் கண்காட்சியில் சூரிய வெப்பத்தில் தண்ணீர் காயவைக்கும் கருவியைப் பார்த்துவிட்டு வந்து ஒரு வாரம் அக்காவின் காதைத் துளைத்தேன். மொட்டை மாடி உங்களுடையது, வெயில் சும்மா கிடைக்கிறது, மண்ணெண்ணெய்க்கு வரிசையில் நிற்க வேண்டாம் என்றெல்லாம். "ஒங்க பேச்சக் கேட்டாலே தண்ணி கொதிச்சிரும் போலிருக்கே தம்பி" என்று சிரித்துவிட்டுச் சரி என்றார். நானே அலைந்து ஆளைப் பிடித்துவந்து கறுப்புத் தகடும் கண்ணாடியும் தொட்டியுமாக மாடியில் ஏற்றினேன். எதிர்வீட்டு சர்தார்ஜி, "அச்சா, சூரியனையே குழாயில் கட்டிவிட்டாயா?" என்று இந்தியில் கேட்டு என் முதுகில் தட்டினார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

மறுநாள் காலை ஐந்து மணிக்கே மாடிப்படி ஏறினேன். கதவைப் பாதி திறந்து, ஈரக் கையோடு நின்றார் அக்கா. "வெதுவெதுன்னுதான் இருக்கு தம்பி. ஒங்க அத்தான் குளிச்சிட்டாவ" என்றார். போதாதா எனக்கு?

அடுத்த வாரமே அவருக்கு இரவு டியூட்டி போட்டுவிட்டார்கள். ஒரு மாதம் இருக்கும் என்று நினைத்தோம். அது மூன்று வருடம் நீண்டது. ஞாயிறு காலைகளில் ஆஸ்பத்திரியிலிருந்து நேராகக் கோயிலுக்கு வந்து, பிரசங்கம் தொடங்கியதும் உறங்கிவிடுவார். கேலி செய்தால், "பிரசங்கத்துல ஒறங்குறது நான் ஒருத்தி மட்டுமா? நான் கொறட்ட விடாம ஒறங்குதேன்" என்பார். ஆள் மட்டும் இளைத்துக்கொண்டே வந்தார். ஒருநாள் எனக்குப் பொறுக்கவில்லை. மேட்ரனுக்கு மனு எழுதித் தருகிறேன் என்றேன். "மேட்ரன் போட்ட டியூட்டிய நீங்க மாத்தப் போறியளா? சும்மா கெடங்க தம்பி" என்று வாயை அடைத்தார். விடியற்காலையில் ஸ்டவ் இரைச்சல் கேட்காததைச் சொல்லிச் சொல்லி, கருவி வைத்த பெருமையை நான் பிளாக் முழுக்கப் பேசிக்கொண்டிருந்தேன்.

அடக்கம் முடிந்த மறுநாள் பகல் மூன்று மணிக்கு மாடிக்குப் போனேன். அத்தான் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு குளியலறை வாசலில் நாற்காலியில் இருந்தார். குழாயைத் திறந்தேன். தண்ணீர் ஆவி பறக்கக் கொட்டியது. "இப்ப நல்லாச் சுடுதே அத்தான்" என்றேன்.

அவர் என்னைப் பார்க்காமல் சொன்னார்: "இப்பத்தான் சுடும் தம்பி. காலைல அதுல பச்சத்தண்ணில்லா வரும். மேட்ரன் ஒண்ணும் போடல. இவளேதான் எழுதிக் குடுத்து ராத்திரி டியூட்டி வாங்குனா, மூணு மணிக்கு வீட்டுல இருக்கணும்னு. பழையபடி ஸ்டவ்வே போதும்னேன். கேக்கல. தம்பி ஆசையா அலைஞ்சு வச்சுக் குடுத்திருக்கு, சொன்னா சங்கடப்படும்னுட்டா."

நம் ஆட்களுக்குக் குளியல் என்றால் விடியற்காலை. வெயிலோ காலை முதல் காய்ந்து பிற்பகலில்தான் வெந்நீர் தரும். இரவு முழுக்க தில்லிக் குளிரில் நின்றால் அது ஆறிப்போகும். குழந்தைக்கும் தெரிகிற இந்தக் கணக்கு, வாய் ஓயாமல் பேசிய எனக்குத் தெரியவில்லை. அக்காவின் உயிர் அந்த இரவுகளால்தான் போனதா என்று டாக்டரைக் கேட்டேன். சொல்ல முடியாது என்றார். சொல்லியிருந்தாலும் நான் என்ன செய்துவிடப் போகிறேன்?

சனிக்கிழமை வங்கி அரை நாள். சனியும் ஞாயிறும் நான் போய் அத்தானைக் குளிப்பாட்டுகிறேன். தினமும் விடியலில் ஸ்டவ்வில் வெந்நீர் போடுகிறேன் என்றதற்கு, அவ வச்ச மூணு மணிய மாத்த வேண்டாம் என்றுவிட்டார். மற்ற ஐந்து நாட்களுக்கு ஆள் வைத்துப் பார்த்தோம். வேற்று ஆள் கை படச் சட்டையைக் கழற்ற அவர் சம்மதிக்கவில்லை. வெள்ளிக்கிழமைக்குள் விரல்கள் முழுக்க மடங்கிவிடுகின்றன. ஊரில் அத்தானுக்கு ஒரு தங்கை இருக்கிறாள், கடிதம் போட்டிருக்கிறோம், பதில் வரவில்லை.

மாடியில் அந்தக் கருவியைப் பார்த்துவிட்டு, நாமும் ஒன்று வைக்கலாமா என்று இன்றும் சிலர் என்னிடம் கேட்கிறார்கள். வைக்கலாம் என்றும் சொல்வதில்லை, வேண்டாம் என்றும் சொல்வதில்லை. பகல் மூன்று மணிக்கு உங்கள் வீட்டில் யார் இருப்பார்கள் என்று கேட்கிறேன். ஸ்டெல்லா அக்காவிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது, அன்று நான் கேட்கத் தவறிய அந்த ஒரு கேள்விதான்.