மூன்றாவது கல் வரிசை

சென்னையில் ஊர் எது என்று கேட்பார்கள். விருதுநகர் என்பேன். “பட்டாசா?” என்பார்கள். எங்கள் பக்கத்தில் ஒரு மலைச் சைக்கிள் பாதையும் இருக்கிறது என்று சொன்னால் யாரும் நம்புவதில்லை. ஜனவரி இரண்டாம் ஞாயிறு அங்கே போனேன். அந்தப் பாதை இருக்குமா, மூடப்படுமா என்பது அன்று முடிவாக வேண்டியிருந்தது.

காலை 5.10. மாரியப்பன் அண்ணனின் குட்டியானை வண்டி. வழக்கமாக அட்டைப்பெட்டி லோடு, அன்று சைக்கிள்கள். சிவகாசி 27 கி.மீ. அங்கிருந்து மலையடிவாரக் காப்புக்காடு இன்னும் 34. டீசல் பங்கு ஆளுக்கு 140 ரூபாய்.

“அம்புட்டு தூரம் வண்டியில போயி அங்கன சைக்கிள் மிதிக்கணுமாக்கும்?”

“இங்கன மலை இல்லையேண்ணே.”

“இல்லாததுனாலதான் என் வண்டி ஓடுது.”

சிவகாசியில் ராணி அக்கா ஏறினார். பட்டாசுக் கம்பெனியில் போர்மேன். வனத்துறை அனுமதியோடு அந்த 4.2 கி.மீ. பாதையைப் பராமரிக்கும் குழுவை நடத்துகிறவர். பதினொரு பேர். கம்பெனி ஆட்கள், அச்சக ஆட்கள், ஒரு நர்ஸ்.

பட்டாசு அறைகளைச் சுற்றி ஒரு புல் இருக்கக் கூடாது. காய்ந்தால் தீ. அது கைப்பழக்கம். அதே கையால் பாதையையும் சுரண்டிவிட்டார்கள். சருகு இல்லை, வேர் இல்லை. பளிச். ஐப்பசி மழை வந்தது. பிடித்துக்கொள்ள வேரில்லாத மண் ஓடியது. முழங்கால் ஆழத்துக்குப் பள்ளம்.

மூடிவிடுவேன் என்றார் வனவர். ராணி அக்கா அவகாசம் கேட்டார். எட்டு ஞாயிறு. பள்ளத்தை நிரப்பி, பாதையின் குறுக்கே சாய்வாகக் கல் வரிசைகள் பதித்தார்கள். தண்ணீர் பாதையோடு இறங்காமல் பக்கத்துப் புல்லுக்குள் திரும்ப வேண்டும். அவ்வளவுதான் கணக்கு.

7.05. வனவர் காத்திருந்தார். காலருகே இரண்டு தண்ணீர் கேன்.

“வணக்கம் சார், சாப்பிட்டீகளா?”

“அதெல்லாம் அப்புறம். ஊத்தும்மா.”

ராணி அக்கா மேட்டிலிருந்து ஊற்றினார். முதல் வரிசையில் தண்ணீர் திரும்பியது. இரண்டாவதிலும். மூன்றாவதில் இடுக்கு வழியே கசிந்து, நேராகக் கீழே இறங்கியது.

வனவர் விரலை நீட்டினார்.

“இதுக்கு என்ன சொல்லுதீக?”

ராணி அக்கா மண்டியிட்டார். ஆடிய கல்லைப் பிடுங்கி, ஆழமாகத் தோண்டி மறுபடி பதித்தார். ஓரத்திலிருந்து வேரும் மண்ணுமாக ஒரு புல் கட்டியைப் பெயர்த்து, இடுக்கில் வைத்து மிதித்தார். இரண்டாவது கேன். தண்ணீர் வந்தது. தயங்கியது. திரும்பியது.

“புல்லுன்னாலே ஆகாது உங்களுக்கு. இப்ப நடுறீக?”

“கம்பெனியில சொல்லிராதீக சார். வேலை போயிரும்.”

வனவர் சிரித்துவிட்டார். பாதை பிழைத்தது.

பிறகு தீத்தடுப்புக் கோட்டைக் காட்டினார். கோடையில் தீ பரவாமலிருக்கக் காட்டோரம் புல் அகற்றும் பட்டை. ஆள் போதவில்லையாம். “இங்கன மட்டும் உங்க கம்பெனி மாதிரியே சுரண்டுங்க.”

11.30-க்குள் இருநூறு மீட்டர். வனவர் குனிந்து தேடினார். ஒரு புல் இல்லை. என் உள்ளங்கையில் இரண்டு கொப்புளம். தீக்குப் பயப்படத் தெரிந்த ஊர் என்னுடையது. அன்று அது பெருமையாக இருந்தது.

போக நினைப்பவர்களுக்கு: குழுவோடு மட்டுமே அனுமதி, ஞாயிறு மட்டும். முதலில் இரண்டு மணி நேரம் வேலை, பிறகுதான் சைக்கிள். நுழைவிடத்தில் பையைத் துழாவுவார்கள், கம்பெனி வாசலில் போலவே. தீப்பெட்டி உள்ளே போகாது. தண்ணீர் மூன்று லிட்டர். மூன்றாவது கல் வரிசையில் பிரேக்கை இறுக்கிச் சறுக்காதீர்கள். அந்தப் புல் இன்னும் வேர் பிடிக்கவில்லை.