நாலு மணிக் கொட்டாவி

என் டிரில் மெஷினைத் தூக்கிக்கொண்டு போய் விற்றவனைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். ஒன்பது வருடம் ஆகிறது. புது மெஷின், பெட்டியைப் பிரித்து மூன்று நாள்கூட ஆகவில்லை. பூட்டுக் கடைக்காரன் கடையிலேயே திருட்டு என்று தெருவே சிரித்தது. வெளியாள் என்றால் இரண்டு அறை விட்டுவிட்டு மறந்திருப்பேன். எடுத்தவன் என் மனைவியின் தம்பி. மன்னிப்பு என்ற ஒரு சொல் மட்டும் இன்றுவரை அவன் வாயிலிருந்து வரவில்லை. மற்றதெல்லாம் தாராளமாக வரும்.

பஞ்சு என்றுதான் கூப்பிடுவோம். சோபா தைக்கிறவன். தலைமுடியில் எப்போதும் கொஞ்சம் பஞ்சு ஒட்டியிருக்கும். அந்த நாளில் ஹெராயினுக்கு அடிமை. நாலு வருடமாக மெத்தடோன் சாப்பிடுகிறான். போதைக்கு ஏங்கும் உடம்பை அடக்கி உட்கார வைக்கிற மருந்து அது. தினமும் காலை எட்டு மணிக்கு ஆஸ்பத்திரி ஜன்னலில் வரிசை. நர்ஸ் சின்ன கப்பில் பச்சை மருந்துத் தண்ணீரை அளந்து ஊற்றுவார். குடித்ததும் அவரிடம் இரண்டு வார்த்தை பேச வேண்டும், வாயில் ஒதுக்கி வைக்கவில்லை என்று தெரிய. யாரைப் போய்ப் பேசச் சொன்னார்கள் பாருங்கள்!

"நீ முழுங்கிட்டேன்னு தெரிஞ்சுபோச்சு, நகருப்பா."

"இருங்க சிஸ்டர், கதை பாதியில நிக்குது."

பின்னால் நிற்பவர்கள் அவன் சட்டையைப் பிடித்து இழுப்பார்கள்.

அக்காக்காரி அழுததால் என் கடையில் ஒரு மூலையை அவனுக்குக் கொடுத்தேன். டீ குடிக்கப் போனாலும், திருட்டுக்குப் பிறகு வாங்கிய டிரில் மெஷினை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டுத்தான் போவேன். அவன் பார்ப்பான்.

போன மாதம் பெரிய சோபா கம்பெனியில் அவனுக்கு நிரந்தர வேலை கிடைத்தது. ஒன்றாம் தேதியிலிருந்து காலை ஆறு மணிக்கு உள்ளே இருக்க வேண்டும், இல்லையென்றால் வேறு ஆள். ஆஸ்பத்திரி ஜன்னல் திறப்பதோ எட்டுக்கு. டாக்டர் ஒரு வழி சொன்னார். தண்ணி மருந்துக்குப் பதில் மாத்திரை. பத்து நாள் இங்கேயே வந்து விழுங்கு. உடம்புக்கு ஒத்துக்கொண்டால் ஒரு வாரத்து மாத்திரையை வீட்டுக்கே தருகிறேன்.

ஐந்தாம் நாளே பஞ்சு மூக்கை உறிஞ்சிக்கொண்டு என் முன்னால் நின்றான்.

"மாத்திரை நமக்கு ஒத்து வராது மாமா. தண்ணின்னா நேரா ரத்தத்துல போய் நிக்கும். இது வயித்துல குந்திக்கிட்டு வேலையே செய்ய மாட்டேங்குது. நாலு மணியானா கொட்டாவி, வேர்வை, கால் குடைச்சல்."

"டாக்டர் என்னடா சொன்னார்?"

"ரெண்டும் ஒரே மருந்து, ஒரே அளவுங்கறார். அவரா குடிச்சுப் பார்த்தார்? நாளைக்கே தண்ணிக்கு மாறிக்கிறேன். வேலை போனா போகுது."

எனக்கு எரிச்சல் தாங்கவில்லை. அன்று மதியம் சாப்பிட்டுவிட்டு, பாதி தைத்த சோபாவிலேயே குறட்டை விட்டான். நான் ஸ்டூலில் ஏறி, சுவர்க் கடிகாரத்தை ஒன்றரை மணி நேரம் முன்னால் தள்ளி வைத்தேன்.

எழுந்தான். கடிகாரத்தைப் பார்த்தான். மூன்றரை. ஊசியில் நூல் கோத்தான். சரியாக நாலு ஆனதும் ஆரம்பித்தது. வாயைத் திறந்தால் உள்நாக்கு வரை தெரிகிற கொட்டாவி. மூக்கு ஒழுகியது. கால் தானாக ஆடியது.

"பார்த்தீங்களா மாமா? மாத்திரை வேகம் இறங்கிருச்சு."

"உன் போனை எடுத்து மணி பாரு."

பார்த்தான். இரண்டரை. கடிகாரத்தைப் பார்த்தான். மறுபடி போனைப் பார்த்தான். ஆடிய கால் நின்றது. வெகுநேரம் பேசவே இல்லை. நாலு வருடத்தில் அந்த நர்ஸால் முடியாததை நான் செய்துவிட்டேன்.

"அப்போ மருந்து நல்லாத்தான் இருக்கு" என்றான் கடைசியில். "உங்க கடிகாரத்தைத்தான் டாக்டர்கிட்ட காட்டணும்."

பத்து நாளும் முடித்தான். ஒன்றாம் தேதிக்கு முந்தின நாள் சாயங்காலம் ஒரு தகரப் பெட்டியோடு வந்தான். மாத்திரையைப் பூட்டித்தான் வைக்க வேண்டுமாம். அவன் மகளுக்கு மூன்று வயது, ஒன்றை எடுத்து வாயில் போட்டாலும் உயிருக்கு ஆபத்து.

"நல்ல பூட்டா போட்டுக் குடுங்க மாமா."

கொண்டி மாட்ட நாலு துளை போட வேண்டும். அலமாரியைத் திறந்து மெஷினை எடுத்தேன். மூக்குக் கண்ணாடியை எங்கேயோ வைத்துவிட்டேன். முதல் துளை கோணலாகப் போனது. இரண்டாவதில் முனை வழுக்கி என் விரலையே தொடப் பார்த்தது.

மணி ஐந்தேகால். இந்த முறை சரியான மணிதான். பஞ்சு கொட்டாவி விடவில்லை. தகரத்தைப் பிடித்திருந்த அவன் கையைப் பார்த்தேன். ஆடவில்லை. ஆடியது என் கைதான்.

"மாமா" என்றான், கையை நீட்டி. "மெஷினை எங்கிட்ட குடுங்க. நீங்க பெட்டியைப் பிடிங்க."