திண்டுக்கல்லில் ஒரு கிணறு, இரண்டு பாட்டில்

கொடைக்கானலுக்கு பஸ் மாறுகிற ஊர் என்றுதான் திண்டுக்கல்லைப் பலருக்கும் தெரியும். நான் 2007 மார்ச்சில் அங்கே போனது ஒரு கிணற்றைப் பார்க்க. சிரிக்காதீர்கள், காரணம் இருக்கிறது.

சென்னையில் தோல் பதனிடுதல் பற்றிய ஓர் ஆய்வுக்கூடத்தில் அப்போது ஒப்பந்த வேலையில் இருந்தேன். தோலிலிருந்து முடியை நீக்க வழக்கமாகச் சுண்ணாம்பும் சல்பைடும் போடுவார்கள். கழிவுநீர் அப்படி நாறுவதற்கு அது ஒரு முக்கியக் காரணம். அதற்குப் பதிலாக நொதிகளைப் பயன்படுத்துவதும், தோல் கெடாமலிருக்கத் தடவிய உப்பைத் தண்ணீரில் ஊறப்போடும் முன்பே உதறி எடுப்பதும்தான் எங்கள் ஆய்வு. திண்டுக்கல்லுக்கு வெளியே ஒரு தோல் தொழிற்சாலை இதைச் செய்து பார்க்கச் சம்மதித்தது. நிலத்தடி நீரில் மாற்றம் தெரிகிறதா என்று பார்க்கப் பக்கத்துத் தோட்டத்துக் கிணற்றைத் தேர்ந்தெடுத்தோம். கிணற்றுக்காரர் மரியபுஷ்பம் அக்கா. நான் கழுவி அனுப்பும் வெள்ளை பாட்டிலில் மாதாமாதம் தண்ணீர் நிரப்பி, ஆம்னி பஸ் பார்சலில் போட்டுவிடுவார். கூடவே முருங்கைக்காய், தேங்காய் என்று ஏதாவது இருக்கும். போனில் பேசினால் லேசில் வைக்க மாட்டார்.

பிப்ரவரி பாட்டிலைச் சோதித்தபோது உப்பின் அளவு சடாரென்று இறங்கியிருந்தது. கருவியில்தான் கோளாறு என்று மறுபடி பார்த்தேன். அப்புறம் இன்னொரு தடவை. அதே அளவு! நிலத்தடி நீர் இவ்வளவு சீக்கிரம் திருந்தாது என்று எனக்குத் தெரியாதா? நன்றாகவே தெரியும். ஆனால் ஆய்வின் காலம் மார்ச் கடைசியில் முடிகிறது, நீட்டிப்பதா என்று முடிவெடுக்க அடுத்த வாரம் குழு கூடுகிறது. கிணறு தெளிகிறது என்று காட்டிவிட்டால் ஆய்வும் பிழைக்கும், என் வேலையும் பிழைக்கும். மனசு ஆசைப்பட்டுவிட்டது.

"ரொம்பக் குதிக்காதே. நேரில் போய் உன் கையால எடுத்துட்டு வா" என்றார் என் மேலதிகாரி. நான் ஏற்கெனவே குதித்து முடித்திருந்தேன். அதைச் சொல்லிக்கொள்ளத்தான் ஆளில்லை. ஜனவரியில் மஞ்சள் காமாலை வந்து வாடகை அறையில் தனியாகக் கிடந்தபோதும் இதே கதைதான். கஞ்சி வைத்துக் கொடுக்க ஆளில்லாத அறையில் நல்ல செய்தி வந்தாலும் சுவரைத்தான் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். சரி, அக்காவிடம் முதலில் சொல்வோம், அதுவும் நேரில் சொல்வோம் என்று போனில்கூட மூச்சு விடாமல் கிளம்பினேன்.

எழும்பூரிலிருந்து மதுரை போகும் இரவு ரயில் விடியும் முன்பே திண்டுக்கல்லில் இறக்கிவிட்டுவிடுகிறது. தூங்கிப்போனால் மதுரைதான், அலாரம் வைத்துக்கொள்ளுங்கள். பஸ் ஸ்டாண்டு பக்கம் போய் லாட்ஜ் கேட்டேன். தனியாக வரும் பெண்கள் கவனிக்கவும்: முதல் இரண்டு லாட்ஜில் இடமில்லை என்றார்கள், சாவிகளெல்லாம் அவர்களுக்குப் பின்னால் வரிசையாகத் தொங்கிக்கொண்டிருந்தன. மூன்றாவதில் அடையாள அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்த மேனேஜர், "கூட யாரும் வரலையாம்மா?" என்றார். இல்லை என்றேன். "பின்னால வருவாகளா?" என்றார். யாரும் வர மாட்டார்கள் என்று சொல்லும்போது எனக்கே ஒரு மாதிரி இருந்தது. வாடகை இருநூற்றைம்பது, வெந்நீர் உண்டு, ஜன்னலில் மலைக்கோட்டை தெரியும்.

காலை ஏழு மணிக்கே பிரியாணிக் கடைகளில் சட்டி ஏறிவிடுகிறது. காமாலைப் பத்தியம் எனக்கு. இட்லியைத் தின்றுவிட்டு அந்த வாசனையைத் தாண்டிப் போனேன். திண்டுக்கல்லுக்கு வந்து பிரியாணி தின்னாத பாவி என்று என்னை நானே திட்டிக்கொண்டேன்.

தொழிற்சாலை ஏழு கிலோமீட்டர். டவுன் பஸ்ஸில் போனால் மூன்று ரூபாய், ஆனால் ஒரு பஸ்ஸை விட்டால் அடுத்ததற்குத் தவம் கிடக்க வேண்டும். ஆட்டோக்காரர் எண்பது கேட்டு அறுபதுக்கு வந்தார்.

"தோல் ஷாப்புக்கா? அங்க என்னக்கா சோலி? ஒத்தையிலயா வந்தீங்க?"

"ஆமாப்பா, ஒத்தையிலதான்" என்றேன் எரிச்சலாக. அவர் கண்ணாடியை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு பாட்டுப் போட்டுவிட்டார். பாவம், அவர் என்ன செய்வார்.

தொழிற்சாலையில் சூப்பர்வைசர் என்னைக் கூட்டிப்போய்த் தோல்களைத் தடவிப் பார்க்கச் சொன்னார். "ஒங்க மருந்து போட்டதுலருந்து வாடை கொறைஞ்சிருக்கு மேடம். மத்தியானம் உள்ள உக்காந்தே சாப்பிடுறோம்னா பாத்துக்கங்க" என்றார். மகிழ்ச்சியாகத்தான் இருந்தது. ஆனால் என் நினைப்பெல்லாம் கிணற்றிலேயே கிடந்தது. வேலியோரமாக நடந்து அக்காவின் தோட்டத்துக்குப் போனேன். தென்னைகள் ஓலை காய்ந்து நின்றன. சொல்ல வேண்டிய வாக்கியத்தை மனசுக்குள் ஓட்டிப் பார்த்துக்கொண்டே போனேன். "அக்கா, கிணறு திருந்துது."

அக்கா ஓடி வந்து என் முகவாயைப் பிடித்தார். "வா தாயி, ஒத்தையிலயா வந்த? என்னா இம்புட்டு எளைச்சுப் போன!" நான் வாயைத் திறப்பதற்குள் அடுத்த கேள்வி. "நான் குடுத்துவிட்ட தண்ணியக் குடிச்சியா, இல்லையா?"

பிப்ரவரி பார்சலில் வெள்ளை பாட்டிலோடு குளிர்பானம் வந்த ஒரு பழைய கலர் பாட்டிலிலும் தண்ணீர் இருந்தது. எனக்குக் காமாலை என்று கேட்டதும், குடிக்க நல்ல தண்ணீர் அனுப்பியிருப்பதாக அக்கா போனிலும் சொல்லியிருந்தார்.

"வெளித்தண்ணி தொடக்கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டார்க்கா. அந்தக் கலர் பாட்டிலை அப்படியே ஜன்னல்ல வச்சிருக்கேன்."

"அடி ஆத்தி! கலர் பாட்டில்ல இருக்குறது கெணத்துத் தண்ணியாச்சே! நல்ல தண்ணிய நீ அனுப்புன வெள்ளை பாட்டில்லதான ஊத்துனேன்?"

"அதுல எதுக்குக்கா ஊத்துனீங்க?"

"பின்ன? நோவுல கெடக்குற பிள்ளைக்குக் குடிக்கக் குடுக்குறத கண்ட பாட்டில்லயா ஊத்துவாக? ஒன் பாட்டிலுதான் பளிச்சுனு இருந்துச்சு. ஆத்தூர் டேம் தண்ணி தாயி. கொழாய்ல நின்னு புடிச்சு, காய்ச்சி, ஆற வச்சு ஊத்துனேன். நாத்தத் தண்ணிக்கு எந்தப் பாட்டிலா இருந்தா என்ன?"

என் பாட்டிலின் மேல் ஆய்வு எண் எழுதியிருந்தது, அக்காவுக்கு அது பெரிதில்லை. இருப்பதில் நல்ல பாத்திரம் குடிக்கிற தண்ணீருக்கு. எந்த வீட்டிலும் அதுதானே முறை?

கிணற்றில் வாளி விட்டு இறைத்துக் கருவியைப் போட்டுப் பார்த்தேன். பழைய அளவு, கொஞ்சமும் மாற்றமில்லை. "நல்லாயிருச்சா?" என்று எட்டிப் பார்த்தார் அக்கா. "இல்லக்கா, அப்படியேதான் இருக்கு" என்றேன். "அதான் வாயில வச்சாலே தெரியுதே. ஏன் மூஞ்சி இப்புடிப் போச்சு? பாட்டில மாத்திட்டேன்னு கோவமா?" கோபமில்லை என்று சொல்லப் போய் அழுதுவிட்டேன். அக்காவுக்கு ஒன்றும் புரியவில்லை. "பசி மயக்கம்" என்று அவரே முடிவு கட்டி, வெஞ்சனத்துக்குக் கத்தரிக்காய் நறுக்க உட்கார்ந்துவிட்டார்.

திரும்பும் ரயிலில் தூக்கம் வரவில்லை. வேலை போகப்போகிற பயம் ஒரு பக்கம். இன்னொரு பக்கம், நான் தனியாகக் கிடந்த அந்த நாட்களில் எனக்காக ஒருத்தர் குழாயடியில் நின்றிருக்கிறார். அந்தத் தண்ணீரில்தான் கருவியை விட்டு விட்டுப் பார்த்திருக்கிறேன். ஒரு வாய் குடிக்கவில்லை.

குழுவில் உள்ளதைச் சொன்னேன். நீட்டிப்பு கிடைக்கவில்லை. தொழிற்சாலை மட்டும் நொதியை விடவில்லை, வாடை குறைகிறதே என்று அவர்களே வாங்கிப் போடுகிறார்களாம். கிணறு தெளிய எத்தனை வருஷமாகுமோ. அக்காவைக் கூப்பிட்டு, ஆய்வு முடிந்துவிட்டது, இனித் தண்ணீர் அனுப்ப வேண்டாம் என்றேன். "சரி தாயி" என்று அதிசயமாக உடனே போனை வைத்துவிட்டார்.

திண்டுக்கல் போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். லாட்ஜுக்கு முன்கூட்டியே போன் செய்து, தனியாக வரும் பெண் என்பதையும் சொல்லிவிடுங்கள். டவுன் பஸ் நேரத்தை டீக்கடையில் கேளுங்கள், சரியாகச் சொல்வார்கள். பத்தியம் இல்லாதவர்கள் எனக்கும் சேர்த்து பிரியாணி சாப்பிடுங்கள். என்னைப்போல் தண்ணீர் சோதிக்கப் போகிறவராக இருந்தால் உங்கள் கையாலேயே நிரப்புங்கள்.

ஏப்ரலில் ஒருநாள் கோயம்பேட்டுப் பார்சல் ஆபீசிலிருந்து போன் வந்தது. போய்ப் பார்த்தால் அக்கா அனுப்பிய பார்சல். வெள்ளை பாட்டில் ஏது அவரிடம்? ஒரு கலர் பாட்டிலைத் தேய்த்துக் கழுவி, ஒட்டியிருந்த காகிதத்தைச் சுத்தமாகச் சுரண்டி எடுத்துவிட்டு, பளிச்சென்று தண்ணீர் நிரப்பி அனுப்பியிருந்தார். டாக்டர் சொன்னது கிடக்கட்டும் என்று அங்கேயே நின்று, மூடியைத் திறந்து, கடைசிச் சொட்டு வரை குடித்தேன்.